பெற்றோல் நிலையத்திலே ஒரு பிரியாவிடை

2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் கடைக்கூறு. மன்செஸ்டர் நகரின் புறத்தே, சாலையோரத்துப் பெற்றோல் நிலையம் ஒன்றிலே இருவர் சந்திக்கின்றனர். ஒருவர் அறுபது வயதை அண்மித்துக்கொண்டிருந்த ஸ்கொத்லாந்துக்காரர். மற்றவர் ஆறடிக்கும் மேலாக ஓங்கி வளர்ந்த, தலையை மழுங்கச் சிரைத்த ஒல்லாந்தர். பேச்சு நெடுநேரம் நீடிக்கவில்லை. ஐரோப்பாவின் தலைசிறந்த பின்கள வீரரெனப் பரிசு பெற்றிருந்த அந்த ஒல்லாந்தர், தாம் மூன்றாண்டுகள் வியர்வை சிந்திய கழகத்திலே தமக்கு இனி இடமில்லை என்பதை அங்கேதான் அறிந்துகொண்டார். இதனைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கின்றார்.

ஸ்கொத்லாந்துக்காரர், மன்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் முகாமையாளர் சேர் அலெக்ஸ் பெர்குசன். ஒல்லாந்தர், யாப் ஸ்டாம். இந்தப் பிரிவைப் பற்றி அக்கழகத்தின் பற்றாளர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருகின்றனர். அன்று அவர்கள் சொன்னது வேறு; சில மாதங்களின் பின் சொன்னது வேறு; இன்று சொல்வதோ இரண்டிலும் வேறு. எமது உயர்தர வகுப்பு மாணவர்களுள்ளும் இக்கழகத்தைத் தம் சொந்த ஊர்க் கழகம் போலப் பாவிப்போர் பலர் உளர். ஸ்டாம் ஆடிய காலத்திலே அவர்கள் பிறந்திருக்கவும் இல்லை. ஆயினும் இடைவேளையிலே இவ்வழக்கை எடுத்துவிட்டால் மணியடித்தபின்பும் ஓயார். கெட்டிக்காரனாயினும் சொற்கேளாதவனை வைத்துக்கொள்வதா, விலக்குவதா என்னும் கேள்வி உதைபந்தாட்டத்துக்கு மட்டும் உரியதன்று. நான்கு பேர் கூடி வேலை செய்யும் இடமெங்கும் உள்ளதுதான்.

ஒல்லாந்தர் வந்தமை

ஸ்டாம் 1972ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டின் கம்பன் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். (பெயரைக் கேட்டதும் எம்மவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றாதிராது; ஆயின் அவ்வூருக்கும் கவிச்சக்கரவர்த்திக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) ஐந்தோவன் நகரத்துப் பீ.எஸ்.வி. கழகத்திலிருந்து 1998இலே ஒரு கோடி பவுணுக்கும் மேற்பட்ட விலையிலே மன்செஸ்டருக்கு வந்தார். பின்கள வீரர் ஒருவருக்கு அதுகாறும் உலகில் எவரும் அத்துணைப் பணம் கொடுத்ததில்லை. கோல் அடிப்பவனுக்குப் பொன்னைக் கொட்டுவது வழக்கம். கோலைத் தடுப்பவனுக்கும் கொட்டுவதா என்று பலர் முகஞ் சுளித்தனர்.

சுளித்த முகங்களுக்குத் தொடக்கத்திலேயே வாய்ப்பும் கிடைத்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே வெம்பிளி மைதானத்தில் ஆர்சனல் கழகம் மன்செஸ்டரை 3-0 என வென்றது. புதிதாக வந்த விலையுயர்ந்த வீரரை ஆர்சனலின் விரைவோட்டக்காரர் சுற்றிச் சுற்றி ஓடினர் என்று பத்திரிகைகள் எழுதின. செலவிட்ட பணம் வீண் என்று கையை விரித்தவர் பலர்.

ஒன்பது மாதங்களின் பின் அவர்களுள் ஒருவரையும் காணக் கிடைக்கவில்லை. 1998-99 பருவத்திலே மன்செஸ்டர் யுனைட்டெட் ஆங்கில லீக், எவ். ஏ. கிண்ணம், ஐரோப்பிய சம்பியன் கிண்ணம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வென்றது. அதற்குமுன் எந்த ஆங்கிலக் கழகமும் செய்யாத காரியம் அது. லீக்கை வென்றது ஆர்சனலைவிட ஒரேயொரு புள்ளி கூடுதலாகப் பெற்று. 1999 மே 26இலே பார்சிலோனாவில் நடந்த இறுதியாட்டத்திலே ஜேர்மனியின் பயர்ன் மூனிச் ஆறாவது நிமிடத்திலேயே ஒரு கோல் அடித்துவிட, தொண்ணூறு நிமிடமும் கடந்தபின்னரே செரிங்ஹமும் சோல்ஷாரும் இரு கோல்களை அடித்து வெற்றியைப் பறித்தனர். உலகம் அவ்விரு கோல்களையே இன்றளவும் பேசுகின்றது. அதுவரை பயர்ன் இரண்டாவது கோலை அடித்து ஆட்டத்தை முடித்துவிடாமல் நின்றவர்களுள் ஸ்டாம் ஒருவர் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பின்கள வீரனின் விதி அது. அவன் செய்த நன்மை, நடவாமற்போன தீமையாகவே இருப்பதால் அதனைப் படம்பிடித்துக் காட்ட முடியாது.

ஸ்டாம் அங்கு ஆடிய மூன்று முழுப் பருவங்களிலும் லீக் கிண்ணம் மன்செஸ்டருக்கே சென்றது. 1999, 2000 ஆகிய ஈராண்டுகளிலும் ஐரோப்பியக் கழக ஆட்டங்களின் சிறந்த பின்கள வீரர் பரிசும் அவருக்கே கிடைத்தது. இரசிகர் அவருக்கென ஒரு பாட்டுக் கட்டிப் பாடினர். அதன் ஒரு சொல் குடும்பப் பத்திரிகையில் அச்சேற்றத் தகாதது. எனவே கருத்தை மட்டும் சொல்வோம்: இந்த ஒல்லாந்தரைத் தாண்டிப்போக முடிந்தால் போய்ப்பாருங்கள் என்பதே அது.

நூல் செய்த வினை

2001ஆம் ஆண்டு கோடையிலே ஸ்டாம் தமது தன்வரலாற்றை வெளியிட்டார். நூல் கடைக்கு வருமுன் இலண்டன் நாளிதழ் ஒன்று அதன் காரமான பகுதிகளைத் தொடராக வெளியிட்டது. பீ.எஸ்.வி. கழகத்தின் அனுமதியைப் பெறுமுன்னரே பெர்குசன் தம்மிடம் பேச்சு நடத்தினார் என்று அதிலே எழுதியிருந்தார். இஃது உதைபந்தாட்டச் சட்டத்துக்கு மாறான செயல். தம் சக வீரர் சிலரைப் பற்றியும் மரியாதைக் குறைவான சொற்களைப் பயன்படுத்தியிருந்தார்.

பருவத்தின் முதல் ஆட்டத்திலே, புலம் கழகத்துக்கெதிராக, ஸ்டாம் ஆடினார். மன்செஸ்டர் 3-2 என வென்றது. அடுத்த ஆட்டத்திலே அவர் பெயர் இல்லை. மாத முடிவுக்குள் ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது இலட்சம் பவுணுக்கு உரோமாபுரியின் லாட்சியோ கழகத்துக்கு விற்கப்பட்டார். அவருக்குப் பதிலாக, 36 வயதை எட்டிக்கொண்டிருந்த பிரெஞ்சு வீரர் லோரன் பிளாங், மாற்றுப்பணம் ஏதுமின்றி இத்தாலியிலிருந்து அழைத்துவரப்பட்டார்.

அன்று பெரும்பாலான இரசிகர் பெர்குசன் பக்கமே நின்றனர். அதற்குக் காரணமும் இருந்தது. 1995ஆம் ஆண்டிலே போல் இன்ஸ், மார்க் ஹியூஸ், அந்திரே கஞ்செல்ஸ்கிஸ் என்னும் மூன்று பெரும் வீரரை அவர் ஒரே கோடையில் அனுப்பியபோது மன்செஸ்டர் நகரமே கொதித்தது. பருவத்தின் முதல் ஆட்டத்திலே அஸ்டன் வில்லாவிடம் 3-1 எனத் தோற்றதும், சிறுவர்களை வைத்து ஒன்றும் வெல்ல முடியாது என்று தொலைக்காட்சி விமர்சகர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அந்தச் சிறுவர் பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர் ஆகியோர். அப்பருவத்தின் முடிவிலே லீக்கும் எவ். ஏ. கிண்ணமும் அவர்கள் கையில் இருந்தன. ஒருமுறை இப்படி வெட்கப்பட்டவர்கள் மறுமுறை வாய்திறக்க அஞ்சுவது இயல்பே. ‘அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்’ என்று 2001இலே பலர் அமைதி காத்தனர்.

அமைதி நான்கு மாதமும் நிலைக்கவில்லை. நியூகாசில், போல்டன், லிவர்பூல், ஆர்சனல், செல்சி, வெஸ்ட் ஹம் என டிசம்பர் முற்பகுதிக்குள் ஆறு கழகங்களிடம் மன்செஸ்டர் தோற்றது. இவற்றுள் முதல் ஐந்தின் ஆங்கில முதலெழுத்துக்களை மாற்றி அடுக்கினால் பீ, எல், ஏ, என், சீ என வரும். அதாவது, புதிதாக வந்த பிளாங்கின் பெயர்! பாவம், பிளாங் 1998இலே உலகக் கிண்ணம் வென்ற பிரெஞ்சு அணியின் தூண்களுள் ஒருவர், கண்ணியமான ஆட்டக்காரர். ஆயினும் தேநீர்க் கடைப் பரிகாசத்துக்குக் கண்ணியம் ஒரு தடையாகுமா? பருவ முடிவிலே மன்செஸ்டர் மூன்றாம் இடம். அடுத்த கோடையிலே ரியோ பேர்டினண்ட் என்னும் பின்கள வீரரை ஏறத்தாழ மூன்று கோடி பவுண் கொடுத்து வாங்க நேர்ந்தது. ஸ்டாமை விற்ற பணத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு அது.

தீர்ப்பு அப்போது தலைகீழாயிற்று. ஒரு புத்தகத்துக்காகப் பொன்முட்டையிடும் வாத்தை அறுத்துவிட்டார் முகாமையாளர் என்றனர். அவரே 1999இலே தம் தன்வரலாற்றை வெளியிட்டு, தம்மிடம் உதவியாளராயிருந்த பிறையன் கிட் முதலியோரைக் குறைகூறியிருந்தாரே. தலைவன் எழுதினால் வரலாறு, தொண்டன் எழுதினால் துரோகமா என்று கேட்டனர். அந்தக் கேள்விக்கு இன்றும் நல்ல விடை இல்லை என்பதே எமது கருத்து.

கணக்குப் புத்தகம் சொல்வது

ஆயினும் கோபம் ஆறியபின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டனர். ஸ்டாம் சென்ற பருவத்திலே மன்செஸ்டர் லீக் ஆட்டங்களில் 45 கோல்களை வாங்கியது. முந்திய பருவத்திலே வாங்கியது 31. இதைக் கொண்டே ஸ்டாமின் அருமையை மெய்ப்பிக்கலாம் என்று மாணவர் ஒருவர் எம்மிடம் கரும்பலகையிலே எழுதிக் காட்டினார். நல்லது. ஆனால் அந்த 31 கோல்கள் வாங்கிய 2000-01 பருவத்திலே குதிக்கால் நரம்பில் ஏற்பட்ட நோயால் ஸ்டாம் ஆடியது 38 ஆட்டங்களுள் 15 மட்டுமே. அவர் 33 ஆட்டங்கள் ஆடிய 1999-2000 பருவத்திலோ கழகம் வாங்கிய கோல்கள் சரியாக 45! அவ்வாண்டு எதிரிகளைவிட 18 புள்ளிகள் முன்னின்று லீக்கை வென்றதால் அந்த நாற்பத்தைந்தை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. தோற்றபோது எண்ணினார்கள்.

பெர்குசன் தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது. நூலுக்காக விற்கவில்லை என்றே அவர் எப்போதும் சொல்லி வந்தார். வீரருக்கு வயது 29. குதிக்கால் நோயின்பின் அவரது வேகம் குன்றியிருப்பதாகத் தோன்றியது. கொடுக்க முன்வந்த பணமோ பெரிது. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் முயற்சிகள் முன்னிலும் குறைந்திருப்பதாகப் புள்ளிவிபரங்களும் காட்டினவாம்.

இங்கேதான் வழக்கின் உயிர்நாடி இருக்கின்றது. பந்தைப் பறிக்கும் முயற்சி குறைந்தால் வீரன் தளர்ந்துவிட்டான் என்று பொருளா? முன்கூட்டியே நிற்கவேண்டிய இடத்தில் நிற்பவனுக்குப் பாய்ந்து விழுந்து பறிக்கவேண்டிய தேவையே வராது. இளம் புல்பாக் ஒருவன் ஆட்டத்துக்கு இருபது தடவை தரையில் உருண்டு கைதட்டு வாங்குவான். அவனுக்கருகே முதிர்ந்தவன் காற்சட்டையில் மண் படாமல் நின்று வீடு திரும்புவான். எண்கள் முன்னவனையே மெச்சும். ஆதலால் ஆட்டத்தை எண்ணிக்கையால் ஆராயும் நூலாசிரியர்கள் ஸ்டாமின் கதையை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்காட்டுகின்றனர். எண்ணியது சரி, எண்ணியதற்குக் கண்ட பொருள்தான் பிழை.

பின் நடந்தவை அதற்குச் சாட்சி. தளர்ந்துவிட்டார் எனப்பட்டவர் மேலும் ஆறு ஆண்டுகள் முதற்றரத்தில் ஆடினார். லாட்சியோவுக்குச் சென்ற ஆண்டிலே தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிச் சில மாதங்கள் விலக்கப்பட்டார் என்பதையும் மறைக்கலாகாது. அதன்பின் 2004இலே இத்தாலியக் கிண்ணத்தை வென்றார். ஏ.சீ. மிலான் கழகத்திலே மால்தினி, நெஸ்தா, கபூ ஆகியோருடன் ஒரே வரிசையில் நின்று 2005ஆம் ஆண்டு இஸ்தான்புல் இறுதியாட்டத்தை ஆடினார். மூன்று கோல்கள் முன்னின்ற மிலான் லிவர்பூலிடம் அதனை இழந்த கதையை உதைபந்தாட்டம் அறியாதவரும் அறிவர். பின்பு தாய்நாட்டின் ஆயாக்ஸ் கழகத்தில் ஆடி 2007 ஒக்டோபரிலே ஓய்வு பெற்றார். ஸ்டாமை விற்றது தம் தவறு என்று பெர்குசனும் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அவர் வாயிலிருந்து அத்தகைய சொல் அடிக்கடி வருவதில்லை.

கப்பற்பட்டறையின் பிள்ளை

ஏன் வருவதில்லை என்பதற்கு அவர் பிறந்த மண்ணைப் பார்க்கவேண்டும். 1941 டிசம்பர் 31இலே கிளாஸ்கோ நகரின் கோவன் பகுதியிலே கப்பற்பட்டறைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் பெர்குசன். தாமும் கருவிசெய்யும் தொழிலைப் பயின்று, பயிலுநர் வேலைநிறுத்தத்திலே முன்னின்றவர். நேரந் தவறாமையும் கூட்டத்தை விட்டுப் பிரியாமையும் அங்கே கற்ற பாடங்கள். அபர்டீன் கழகத்தை நடத்திய காலத்தில், 1983 மே மாதத்தில், ஸ்பானியாவின் ரியல் மட்ரிட்டை வென்று ஐரோப்பியக் கிண்ணமொன்றைப் பெற்று பத்தே நாள்களில் ஸ்கொத்லாந்துக் கிண்ணத்தையும் அவ்வணி வென்றது. வென்ற மைதானத்திலேயே, ஆடிய விதம் கேவலம் என்று தொலைக்காட்சியின் முன் தம் வீரரைத் திட்டித் தீர்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்பதும் உண்மை. முகத்துக்கு நேரே நின்று அவர் சத்தமிடுவதை ‘ஹெயர்டிரையர்’ என்று வீரர்கள் அழைத்தனர், மயிர் காய்ந்துவிடுமாம்!

இக்கடுமையால் காயப்பட்டோர் பலர். அபர்டீன் நாள் முதல் தம்மோடிருந்த பந்துக்காப்பாளர் ஜிம் லெய்டனை, 1990இலே எவ். ஏ. கிண்ண இறுதியாட்டம் 3-3 எனச் சமநிலையாகி மீண்டும் ஆடப்பட்டபோது விலக்கினார். கிண்ணம் கிடைத்தது, மன்செஸ்டரிலே அவர் பெற்ற முதற் கிண்ணம் அது. லெய்டனுடைய உறவு அத்துடன் முறிந்தது. பெக்கம் 2003இலும், அணித்தலைவர் ரோய் கீன் 2005இலும் போயினர். பெரியவர் ஒருவரும் அணிக்கு மேற்பட்டவரல்லர் என்ற விதியை அவர் யாருக்காகவும் தளர்த்தவில்லை.

அவர் ஆண்ட காலத்தில் இவ்விதியைக் கொடுமை என்று முணுமுணுத்தவர்கள், 2013 மே மாதத்தில் அவர் ஓய்வுபெற்ற பின்பே அதன் பயனை அறிந்தனர். இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் இருந்து 13 லீக் கிண்ணங்கள் உட்பட 38 வெற்றிகளை ஈட்டியவர் எழுந்து சென்றதும், அந்த இருக்கையில் அமர்ந்த முதல்வர் ஓராண்டும் தாங்கவில்லை. பின் வந்தவருள் உலகப் புகழ் பெற்றவரும் இருந்தனர். 2025 வரையில் ஒருமுறையேனும் அவர்களால் லீக்கை வெல்ல முடியவில்லை. பயிற்சிக்குப் பிந்தி வரும் இளைஞனையும், முகாமையாளரைப் பற்றிப் பத்திரிகைக்குக் குசுகுசுக்கும் வீரனையும் காணும்போதெல்லாம், அந்த ஸ்கொத்லாந்துக்காரர் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுகின்றனர் முதிய இரசிகர். இளையோர் சிலர் மறுத்துரைக்கின்றனர். கழகத்தைப் பெருங்கடன் சுமத்தி 2005இலே வாங்கிய அமெரிக்க உரிமையாளரை அவர் ஆதரித்துப் பேசினாரே, முதிர்ந்த வீரரையே அதிகம் கொண்ட அணியை விட்டுச்சென்றாரே என்பது அவர்கள் வாதம். இரண்டும் புறக்கணிக்கத் தக்கனவல்ல.

ஸ்டாம் விடயத்திலும் இந்த இருமனப் போக்கே இன்று மேலோங்கி நிற்கின்றது. அவரை விற்றது பிழை என்பதில் வாதம் இல்லை. விற்றவரே ஒப்பியபின் வாதமேது? ஆனால் அந்தப் பருவத்தின் வீழ்ச்சி முழுவதையும் அப்பிழையின் தலையில் சுமத்துவதைப் பலர் கைவிட்டனர். அதே கோடையிலே பயிற்றுநர் ஸ்டீவ் மக்லேரன் வேறு கழகத்துக்குச் சென்றிருந்தார். ஆர்ஜென்டீனாவின் வெரோன் பெருவிலைக்கு வந்து நடுக்களத்தின் அமைப்பையே மாற்றியிருந்தார். அப்பருவ முடிவில் ஓய்வுபெறப்போவதாக அறிவித்த பெர்குசன் பின் மனத்தை மாற்றிக்கொண்டார். போகப்போகும் தலைவனின் சொல்லுக்கு அரைப்பங்கு வலுவே இருக்கும் என்பதைத் தவணைக் கடைசி வகுப்பை நடத்திய எந்த ஆசிரியரும் அறிவர். எமது எண்ணத்தின்படி, ஒரு வீரரின் பிரிவைவிட இந்த அறிவிப்பே அணியை அதிகம் தளர்த்தியது. எம்மோடு உடன்படாத ஆசிரியர்கள் எம் பாடசாலையிலேயே மூவர் உளர்.

ஸ்டாமும் பின்பு முகாமையாளர் நாற்காலியில் அமர்ந்தார். இங்கிலாந்தின் ரெடிங் கழகத்தை 2016-17 பருவத்திலே இரண்டாம் பிரிவின் மூன்றாம் இடத்துக்கு உயர்த்தினார். முதற்பிரிவுக்கு ஏறுவதற்கான இறுதியாட்டத்தை 2017 மே மாதத்திலே வெம்பிளியில், தண்டனை உதைகளில் ஹடர்ஸ்பீல்டிடம் இழந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் வேலையையும் இழந்தார். ஒல்லாந்தின் பேயனூர்ட் கழகத்திலே, ஆயாக்ஸிடம் 4-0 எனத் தோற்றபின் 2019 ஒக்டோபரில் தாமே விலகினார். அமெரிக்காவின் சின்சினாட்டி கழகத்திலும் நீடிக்கவில்லை. ஒருவனை அணியிலிருந்து விலக்கும் செய்தியை எவ்விடத்தில், எவ்விதம் சொல்வது என்று அவரும் இக்காலத்திலே பலமுறை யோசித்திருக்கவேண்டும்.

2019 மே 26. மும்முடி சூடிய இரவுக்கு இருபதாண்டு நிறைவு. பழைய மன்செஸ்டர் அணியும் பழைய பயர்ன் அணியும் அறநிதிக்காக ஓல்ட் டிரபோர்ட் மைதானத்தில் மீண்டும் ஆடின. ஓராண்டுக்கு முன் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டுச் சத்திரசிகிச்சை பெற்றுத் தேறியிருந்த பெர்குசன், தம் பெயர் பொறித்த பார்வையாளர் மாடத்தின் எதிரே அணியை நடத்த வந்தமர்ந்தார். பின்களத்திலே, வயது 46 ஆகி, அதே மழுங்கச் சிரைத்த தலையுடன் ஸ்டாம் நின்றார். ஆட்டம் 5-0 என முடிந்தது. பயர்ன் வீரர் ஒரு கோலேனும் அடிக்கவில்லை.